ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே வைப்பதா? சிங்கப்பூரில் வேலை செய்பவரின் சேமிப்புக்கு ஐந்து இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடைகளின் முன்னால் வரிசை நடைபாதை வரைக்கும் நீண்டிருக்கும். அப்படி ஒரு வரிசையில் நின்றிருந்தபோது, எனக்கு முன்னால் இருந்த இளைஞர் ஒருவர் திரும்பிக் கேட்டார்: "அண்ணே, ஊர் பேங்க்ல ஏழு பர்சண்ட் தராங்க. இங்க அதுல பாதிகூட இல்ல. பிறகு எதுக்கு ஒரு வெள்ளியக்கூட இங்க வைக்கணும்?" வெள்ளி என்று இங்கே சொல்வது சிங்கப்பூர் டாலரை. இந்தக் கேள்வியை வெவ்வேறு வாய்களிலிருந்து பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அலுவலகத்தில் இ பாஸில் (உயர் சம்பள வேலைக்கான அனுமதியில்) இருக்கும் பொறியாளரும் கேட்கிறார், நிரந்தரவாசம் கிடைத்த தம்பதியரும் கேட்கிறார்கள். கணக்குத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் என்னிடம் உடனடி விடை இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

வட்டி விகிதத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. அந்தப் பணம் கடைசியில் எந்த நாணயத்தில் செலவாகப் போகிறது, அப்போது நீங்கள் எந்த நாட்டின் வரிக்குடியாக (வரி நோக்கில் அந்நாட்டில் வசிப்பவராக) இருப்பீர்கள் என்ற இரண்டும் தெரிந்த பிறகே விகிதத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து வேலை செய்யும் இந்தியக் குடிமக்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் நாணயம். மகளின் கல்லூரிக் கட்டணம் கோயம்புத்தூரில் என்றால் ரூபாய், இங்கேயே வீடு வாங்கும் எண்ணம் என்றால் வெள்ளி. இரண்டாவது, இரு நாடுகளிலும் விழும் வரி. மூன்றாவது, அவசரத்துக்கு எடுக்க எத்தனை நாளாகும், எடுத்தால் எவ்வளவு இழப்பு என்பது. நான்காவது, பணம் சட்டப்படி யாருடையது. கடைசியாக, உங்கள் நிலை மாறும்போது, அதாவது நிரந்தரவாசம் கிடைக்கும்போதோ ஊர் திரும்பும்போதோ, அந்த இடத்தின் சலுகைக்கு என்ன ஆகும் என்பது. பெரும்பாலான தவறுகள் இந்தக் கடைசி அளவுகோலைப் பார்க்காததால்தான் நேர்கின்றன.

இங்குள்ள வரி நிலையை ஒரே பத்தியில் சொல்லிவிடலாம். ஓர் ஆண்டில் 183 நாள் இருந்தால் நீங்கள் சிங்கப்பூரின் வரிக்குடி. தனிமனிதருக்கு இங்குள்ள வங்கி வைப்புகளின் வட்டிக்கு வரி இல்லை, முதலீட்டு ஆதாயத்துக்கும் வரி இல்லை. வெளிநாட்டு வருமானத்தை இங்கே கொண்டுவந்தாலும் 2004 முதல் அதற்கு வரிவிலக்கு உண்டு. ஆகவே இங்கே இருக்கும் வரை, சேமிப்பின் மேல் வரி என்று ஒன்று வந்தால் அது பெரும்பாலும் இந்தியப் பக்கத்திலிருந்துதான் வரும்.

இடங்களை ஒப்பிடுவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிட வேண்டும். ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக ஊரில் வாங்கிய வட்டிக் கடன் இன்னும் பாக்கி இருந்தால் கீழே உள்ள எதையும் படிக்கத் தேவையில்லை. நூற்றுக்கு இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம். அதை அடைப்பதைவிட நல்ல முதலீடு இந்த ஊரிலும் இல்லை, அந்த ஊரிலும் இல்லை. அடுத்தது, வேலைக்கு வருமுன் ஊரில் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கு. வெளிநாட்டு வேலைக்கு வந்தவர் அதை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். நானே அதை நான்கு ஆண்டுகள் மாற்றாமல் விட்டிருந்தேன். ஊரில் வீட்டு வேலைக்காகப் பணம் எடுக்கப் போனபோது கணக்கு முடக்கப்பட்டிருந்தது. விடுப்பில் இருந்த பதினைந்து நாளில் ஆறு நாள், கடவுச்சீட்டு நகலும் வேலை அனுமதி நகலும் எடுத்துக்கொண்டு அந்தக் கிளைக்கே நடந்தேன்.

## ஒரே பார்வையில்

என்.ஆர்.இ. என்பது வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாயாக வைக்கும் இந்திய வங்கிக் கணக்கு. எஃப்.சி.என்.ஆர். என்பது அதையே வெளிநாட்டு நாணயத்தில் வைக்கும் வைப்பு. எஸ்.ஆர்.எஸ். என்பது சிங்கப்பூரின் துணை ஓய்வுக்காலத் திட்டம்.

| | என்.ஆர்.இ. வைப்பு | எஃப்.சி.என்.ஆர். வைப்பு | சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் | எஸ்.ஆர்.எஸ். | பெற்றோர் பெயரில் வைப்பு |
|---|---|---|---|---|---|
| நாணயம் | ரூபாய் | அமெரிக்க டாலர் உள்ளிட்ட வெளிநாட்டு நாணயம் | வெள்ளி | வெள்ளி | ரூபாய் |
| இந்திய வரி | வெளிநாட்டில் வசிக்கும் வரை இல்லை | வெளிநாட்டில் வசிக்கும் வரை இல்லை. திரும்பிய பின்னும் சில காலம் இல்லை | வெளிநாட்டில் வசிக்கும் வரை இல்லை | வெளிநாட்டில் வசிக்கும் வரை இல்லை | பெற்றோரின் வருமானத்தில் சேரும் |
| சிங்கப்பூர் வரி | இல்லை | இல்லை | இல்லை | போடும்போது கழிவு, எடுக்கும்போது வரி | இல்லை |
| எடுப்பது | ஓராண்டுக்குள் எடுத்தால் வட்டி இல்லை | ஓராண்டுக்குள் எடுத்தால் வட்டி இல்லை | எந்த மாதமும் எடுக்கலாம் | நீண்ட காலப் பூட்டு | பெற்றோரின் விருப்பம் |
| மறைந்த செலவு | ரூபாய் மதிப்பிறக்கம் | நாணயங்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் | குறைந்த வட்டி | எடுக்கும் ஆண்டின் வரிநிலை | உரிமை மாறிவிடுவது |

## என்.ஆர்.இ. வைப்பு

வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாயாக மாற்றி வைக்கும் கணக்கு இது. அசலையும் வட்டியையும் எந்த வரம்பும் இல்லாமல் திரும்ப வெளியே கொண்டுவரலாம். வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும் வரை வட்டிக்கு இந்திய வருமான வரி கிடையாது. குறைந்தபட்சத் தவணை ஓராண்டு. வரியே இல்லாத ஆறு, ஏழு சதவீதம் என்பதால்தான் வரிசையில் நின்ற தம்பிக்கு அது அவ்வளவு ஈர்ப்பாகத் தெரிந்தது.

இந்த ஏழு வெள்ளியில் எவ்வளவாகிறது என்று பார்ப்போம். 2015 தொடக்கத்தில் ஒரு வெள்ளி ஏறத்தாழ 47 ரூபாய். அன்று 10,000 வெள்ளியை அனுப்பியவருக்கு 4,70,000 ரூபாய் கிடைத்திருக்கும். பத்தாண்டும் சராசரியாக 7 சதவீதம் கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டால், 2024 இறுதியில் அது ஏறத்தாழ 9,24,500 ரூபாய். அப்போது ஒரு வெள்ளி 63 ரூபாயை ஒட்டி இருந்தது. திரும்ப மாற்றினால் 14,675 வெள்ளி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 4 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஏழில் மூன்றை மாற்று விகிதமே எடுத்துக்கொண்டுவிட்டது.

அதே பத்தாண்டில் வெள்ளியாகவே வைத்திருந்தவரோடு ஒப்பிட்டால் என்.ஆர்.இ. வென்றிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2015 அக்டோபரில் வந்த முதல் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தின் பத்தாண்டுச் சராசரி வட்டி 2.63 சதவீதம், அதில் 10,000 வெள்ளி பத்தாண்டில் ஏறத்தாழ 12,630 ஆகியிருக்கும். ஆனால் நீண்ட காலத்தில் வெல்லும் இந்த வைப்பு குறுகிய காலத்தில் நம்மைக் கைவிட்டுவிடலாம். 2025 தொடக்கத்தில் 63 ரூபாயாக இருந்த வெள்ளி அந்த ஆண்டு முடிவில் 70-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆண்டுத் தொடக்கத்தில் 10,000 வெள்ளியை 7 சதவீதத்துக்குப் போட்டு, ஆண்டு இறுதியில் இங்கே தேவைப்பட்டதால் திரும்பக் கொண்டுவந்தவருக்கு 9,630 வெள்ளிதான் கிடைத்திருக்கும். வட்டி முழுவதும் போனதோடு அசலிலும் 370 வெள்ளி குறைந்திருக்கும்.

செலவு ரூபாயிலேயே என்றால் இந்தக் கவலை இல்லை. ஏழு என்பது ஏழாகவே இருக்கும். ஊரில் கட்டும் வீடு, பெற்றோரின் மருத்துவம், பிள்ளையின் படிப்பு போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பணம் அனுப்பும்போதே ஒரு செலவு உண்டு. கடையின் பலகையில் சிவப்பு எண்களில் ஒளிரும் விகிதத்துக்கும் கைப்பேசியில் தெரியும் சந்தை விகிதத்துக்கும் இடையே 40 காசு வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். "கட்டணம் இல்லை" என்று எழுதியிருந்தாலும் 10,000 வெள்ளிக்கு 4,000 ரூபாய் அங்கேயே போய்விடுகிறது. இரண்டு மூன்று வழிகளில் கைக்கு வரும் ரூபாயைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்புங்கள். காப்புறுதியையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பு உண்டு, அது எட்டாயிரம் வெள்ளிக்கும் குறைவு. சிங்கப்பூரில் வெள்ளி வைப்புகளுக்கு அந்த வரம்பு 2024 ஏப்ரல் முதல் 100,000 வெள்ளி.

என்.ஆர்.ஓ. கணக்கைத் தனி இடமாக நான் எண்ணவில்லை. ஊர் வீட்டு வாடகை, நிலக் குத்தகை போன்ற இந்திய வருமானம் வந்து விழுவதற்கு அது தேவை; அவ்வளவுதான். அதன் வட்டியில் 31.2 சதவீதம் பிடித்துவிடுவார்கள். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி வட்டிக்கான வரி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் அதைக் கேட்க இங்குள்ள உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் வரிக்குடிச் சான்றிதழ் வேண்டும், அந்த வட்டி சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்திருக்கவும் வேண்டும். இந்திய வருமானம் குறைவாக இருப்பவர் அங்கே வரிக் கணக்குத் தாக்கல் செய்தாலே பிடித்தம் திரும்பக் கிடைத்துவிடும். சம்பளத்தில் மிஞ்சியதைத் தெரியாமல் என்.ஆர்.ஓ.வில் போட்டு வைத்துப் பல ஆண்டுகளாகப் பிடித்தம் கொடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பக்கத்திலேயே வரியில்லாத என்.ஆர்.இ. கணக்கு ஒரு விண்ணப்பப் படிவத் தொலைவில் இருக்கிறது.

## எஃப்.சி.என்.ஆர். வைப்பு

இதுவும் இந்திய வங்கியில்தான்; ஆனால் பணம் ரூபாயாக மாறுவதில்லை. அமெரிக்க டாலர், பவுண்டு, யூரோ போன்ற நாணயங்களில் ஒன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை வைக்கலாம். வட்டி ரூபாய் வைப்பைவிடக் குறைவு, வரி இல்லை, ரூபாய் சரிந்தாலும் உங்களுக்கு நட்டமில்லை.

சிங்கப்பூரில் இருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்குச் சம்பளம் வெள்ளியில். நல்ல வட்டி கிடைப்பதோ பெரும்பாலும் அமெரிக்க டாலரில். 2025 தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலருக்கு 1.36 வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. ஆண்டின் நடுவில் 1.28-க்கு இறங்கிவிட்டது. ஓராண்டு வட்டி முழுவதையும் அந்த ஆறு மாதமே கரைத்துவிட்டது. வளைகுடாவில் இருக்கும் உறவினருக்கு இந்த வைப்பு நன்றாகப் பொருந்தும், ஏனெனில் அங்குள்ள பல நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டவை. அவர் சொன்னதைக் கேட்டு நாமும் அப்படியே செய்ய முடியாது.

இதன் உண்மையான பலம் ஊர் திரும்பும்போது தெரியும். என்.ஆர்.இ. வட்டிக்கான வரிவிலக்கு, நீங்கள் நிலையாக ஊர் திரும்பியதோடு முடிந்துவிடும். எஃப்.சி.என்.ஆர். வைப்பை முதிர்வு வரை அப்படியே வைத்திருக்கலாம். "சாதாரணமாக வசிக்காத குடி" என்ற இடைநிலையில் நீங்கள் இருக்கும் வரை அதன் வட்டிக்கு வரி இல்லை. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் இந்திய வரிக்குடியாக இல்லாதவருக்கும், முந்தைய ஏழு ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இராதவருக்கும் இந்த இடைநிலை கிடைக்கும். நீண்ட காலம் இங்கே இருந்தவருக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளாவது அமையும். ஆகவே அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பப் போவது உறுதியானவருக்குத்தான் இதைப் பரிந்துரைப்பேன்.

## சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரமும் கருவூலப் பத்திரமும்

குறைந்தது 500 வெள்ளி, ஒருவருக்கு மொத்தம் 200,000 வரை, பத்தாண்டு, ஒவ்வோர் ஆண்டும் வட்டி படிப்படியாக ஏறும். எந்த மாதத்திலும் அசல் குறையாமல் திரும்ப எடுக்கலாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 2 வெள்ளி கட்டணம். அரசாங்கப் பத்திரம் என்பதால் பாதுகாப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத் தேவைப்படும் தொகைக்குக் கருவூலப் பத்திரம் உண்டு, குறைந்தபட்சம் 1,000 வெள்ளி. இவற்றை வெளிநாட்டவரும் வாங்கலாம். தனியாள் பெயரில், பத்திரங்களை வைத்திருப்பதற்கான ஒரு சி.டி.பி. கணக்கும் உள்ளூர் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும்.

வட்டி மாதத்துக்கு மாதம் மாறும், பெரும்பாலும் ஊர் வட்டியின் பாதியைக்கூட எட்டாது. ஆனாலும் வேலை போனால் அடுத்த வேலை தேடவும் வாடகை கொடுக்கவும் வேண்டிய பணம் இங்கேதான் இருக்க வேண்டும். வேலை அனுமதியை நம்பி இருப்பவருக்கு வேலை போனால் தங்கும் உரிமையும் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. அந்த நாள்களில் ஊரில் உள்ள வைப்பை முறித்து, நட்டத்தில் மாற்றி, வந்து சேரும் வரை காத்திருக்க முடியாது. முடிந்தால் ஆறு மாதச் செலவு இங்கே வெள்ளியில் இருக்கட்டும் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

நிரந்தரவாசிகளுக்கு இதற்கு மேல் மத்திய சேம நிதி இருக்கிறது. சாதாரணக் கணக்கில் 2.5 சதவீதமும், சிறப்புக் கணக்கிலும் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் கணக்கிலும் குறைந்தது 4 சதவீதமும் கிடைக்கும். நிரந்தரவாசத்தைத் துறந்து நிலையாக வெளியேறும்போது முழுவதையும் எடுக்கலாம். அது கட்டாயச் சேமிப்பு என்பதால் தேர்வுப் பட்டியலில் சேர்க்கவில்லை.

## எஸ்.ஆர்.எஸ்.: போடும்போது தெரியும் இலாபம், எடுக்கும்போது தெரியும் கணக்கு

ஆண்டு முடிவில் "வரியை மிச்சப்படுத்துங்கள்" என்ற விளம்பரம் வங்கிகளில் தொங்கும்போது எல்லாருக்கும் நினைவுக்கு வருவது இந்தத் துணை ஓய்வுக்காலத் திட்டம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஆண்டுக்கு 15,300 வெள்ளி வரையும், வெளிநாட்டவர் 35,700 வெள்ளி வரையும் போடலாம். போட்ட தொகை அப்படியே வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும். வெளிநாட்டவருக்கு வரம்பு கூடுதலாக இருப்பதற்குக் காரணம், அவர்களுக்கு மத்திய சேம நிதி இல்லை.

எடுக்கும் விதிதான் முக்கியம். முதல் தொகை போட்ட நாளில் நடப்பில் இருந்த சட்டபூர்வ ஓய்வு வயதை (2022 ஜூலை முதல் 63, 2026 ஜூலை முதல் 64) எட்டிய பின் எடுத்தால், எடுப்பதில் பாதிக்கு மட்டும் வரி. அதற்கு முன் எடுத்தால் முழுத் தொகைக்கும் வரி, அதோடு 5 சதவீதத் தண்டம். வெளிநாட்டவருக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு: முதல் தொகை போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்து, எடுக்கும் நாளுக்கு முந்தைய பத்தாண்டு முழுவதும் நிரந்தரவாசியாகவோ குடிமகனாகவோ இல்லாதிருந்தால், மொத்தத்தையும் ஒரே தடவையில் பாதி வரியோடு, தண்டமின்றி எடுக்கலாம்.

மாதம் 8,000 வெள்ளி வாங்கும் இ பாஸ்காரரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 96,000, உழைப்பு வருமானக் கழிவு 1,000 போக 95,000. வரி 5,075 வெள்ளி. அவர் 15,000 வெள்ளியை எஸ்.ஆர்.எஸ்.ஸில் போட்டால் வரி 3,350 ஆகிறது. 1,725 வெள்ளி மிச்சம். பத்தாண்டுக்கு 17,250.

பத்தாண்டு கழித்து ஊர் திரும்பிவிட்டு, அங்கிருந்து 150,000 வெள்ளியையும் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி, அதாவது 75,000, வரிக்குரியது. வரிக்குடி அல்லாதவருக்கான பொது விகிதமான 24 சதவீதம் விதிக்கப்பட்டால் வரி 18,000 வெள்ளி. மிச்சப்படுத்தியதைவிட 750 வெள்ளி அதிகம், இடையில் பத்தாண்டு பணம் பூட்டிக் கிடந்தது. முதலீட்டில் வளர்ந்ததன் பாதிக்கும் இதே வரி உண்டு. வெளியே வைத்திருந்தால் அந்த வளர்ச்சிக்கு வரியே இராது.

அவரே புறப்படும் ஆண்டில் ஜூலை நடுப்பகுதி வரை இங்கு வேலை செய்து, 183 நாளைத் தாண்டி, வரிக்குடியாக இருக்கும்போதே எடுத்திருந்தால் நிலைமை வேறு. அந்த ஆண்டுச் சம்பளம் 52,000 என்றால், எஸ்.ஆர்.எஸ். தொகையால் கூடும் வரி ஏறத்தாழ 7,530 வெள்ளிதான். வெளிநாட்டவர் எடுக்கும்போது வங்கி முதலில் வரியைப் பிடித்துவைக்கும். கணக்கு முடிந்த பின் மிகுதி திரும்பும். ஒரே பணம், ஒரே திட்டம், எடுத்த மாதம் மட்டும் மாறியதில் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் வேறுபாடு.

24-இன் பாதி 12 என்பதால், நான் கைக்கணக்காக ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் வருமானத்தின் மேல்தட்டு 15 சதவீதமோ அதற்கு மேலோ வரி கட்டுகிறது என்றால், அதாவது வரிக்குரிய வருமானம் 120,000 வெள்ளியைத் தாண்டினால், எஸ்.ஆர்.எஸ். பெரும்பாலும் இலாபம். அதற்குக் கீழே இருப்பவர், எடுக்கும் ஆண்டைத் திட்டமிட முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும் போடலாம். 80,000-க்குக் கீழே என்றால் வேண்டாம். 7 சதவீதத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பத்தாண்டுப் பூட்டு தேவையில்லை.

போட்ட பணத்தை அப்படியே விட்டால் கிடைக்கும் வட்டி 0.05 சதவீதம், பத்திரத்திலோ வேறு முதலீட்டிலோ மாற்ற வேண்டும். நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறவரும் யோசிக்க வேண்டும், கிடைத்த அன்றே அந்தப் பத்தாண்டு வழி அடைபட்டுவிடுகிறது, பிறகு ஓய்வு வயது வரை காத்திருக்க வேண்டும். பெரிய தொகை போடுவதா என்று முடிவு செய்யாதவர்களும் ஒரே ஒரு வெள்ளியை இன்றே போட்டுக் கணக்கைத் திறந்து வையுங்கள். பத்தாண்டுக் கணக்கும் ஓய்வு வயதும் அந்த ஒரு வெள்ளி போட்ட நாளிலேயே உறுதியாகிவிடும்.

## அப்பா பெயரில் போடுவது

நம்மவர்களில் மிகப் பலர் செய்வது இதைத்தான். மாதாமாதம் அப்பாவின் கணக்குக்குப் போகும். அவர் தன் பெயரில் வைப்பாகப் போட்டு வைப்பார். கணக்குப் பார்த்தால் இதில் ஆதாயமும் உண்டு. மூத்த குடிமக்களுக்கு வங்கிகள் கூடுதல் வட்டி தருகின்றன. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலில் வரம்பு 30 லட்சமாக உயர்ந்தது, வட்டியும் 8.2 சதவீதமானது. மகன் பெற்றோருக்குத் தரும் பணத்துக்கு நன்கொடை வரி இல்லை. வட்டி அவர்கள் வருமானத்தில் சேரும், வேறு வருமானம் இல்லாதவருக்குப் பெரும்பாலும் வரி வராது.

ஆனால் அனுப்பிய நொடியில் பணம் அப்பாவுடையது. என்னோடு வேலை பார்த்த, பட்டுக்கோட்டைப் பக்கத்து நண்பர் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் இப்படி அனுப்பினார். அப்பா ஒரு ரூபாயைக்கூட வீணாக்கவில்லை. ஒவ்வொரு வைப்பு ரசீதின் பின்னாலும் மகன் பெயரைப் பென்சிலில் எழுதி, மஞ்சள் பையில் போட்டு பீரோவில் வைத்திருந்தார். உயில் எழுதவில்லை. அவர் திடீரென்று மறைந்தபோது, சட்டப்படி அம்மா, நண்பர், தம்பி, இரண்டு அக்காமார் என ஐந்து பங்கு. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆனபோது, மூத்த அத்தான் கேட்டாராம்: "ரசீது மாமா பேர்லதானே மாப்ள இருக்கு?" அவர் கேட்டதில் சட்டப்படி தவறில்லை. வைப்பில் நாமினியாக இருப்பவரும் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குத் தர வேண்டியவரே தவிர, அதனால் மட்டும் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. நண்பருக்கு ஐந்தில் ஒரு பங்கு வந்தது. அக்காமாரோடு இன்று வரை பேச்சு சரியில்லை.

பெற்றோரின் செலவுக்கும் மகிழ்ச்சிக்கும் என்று மனமாரக் கொடுக்கும் பணத்தை இப்படி அனுப்புங்கள், அதைத் திரும்ப எண்ணிப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டுக்கான, உங்கள் பிள்ளைகளுக்கான சேமிப்பை உங்கள் பெயரிலுள்ள என்.ஆர்.இ. கணக்கிலேயே வையுங்கள். அதில் இந்தியாவிலுள்ள நெருங்கிய உறவினரை, உங்களுக்குப் பின் அவர் என்ற அடிப்படையில், கூட்டுக் கணக்காளராகச் சேர்க்கலாம். அன்றாட வேலைக்கு அவருக்கு அதிகாரப் பத்திரமும் தரலாம். அப்பாவுக்குத் தேவையான வசதியும் அதில் கிடைத்துவிடும், உரிமையும் மாறாது.

## யாருக்கு எது

வேலை அனுமதியில் இருந்துகொண்டு, இரண்டு மூன்று ஆண்டில் ஊரில் வீடு கட்டத் திட்டமிடும் தம்பிக்கு: இரண்டு மாதச் செலவாவது இங்கே, மீதி என்.ஆர்.இ. எஸ்.ஆர்.எஸ். அவருக்கு வேண்டாம், வரிக்குரிய வருமானம் 20,000 வெள்ளிக்குள் இருந்தால் வரியே இல்லை.

எட்டாயிரம் சம்பளத்தில், திரும்புவதா தங்குவதா என்று தீர்மானிக்காத குடும்பத்துக்கு: ஆறு மாதச் செலவு சேமிப்புப் பத்திரத்தில், மீதியைப் பாதிப் பாதியாக வெள்ளியிலும் என்.ஆர்.இ.யிலும், எஸ்.ஆர்.எஸ்.ஸில் ஒரு வெள்ளி. எந்த நாட்டில் செலவாகும் என்று தெரியாதபோது இரண்டு நாணயத்திலும் வைப்பதே பொருத்தம்.

வரிக்குரிய வருமானம் இரண்டு இலட்சம் வெள்ளியை எட்டிய, பத்தாண்டுக்கு மேல் இருக்கப்போகிற, நிரந்தரவாசம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவருக்கு எஸ்.ஆர்.எஸ். முதலிடம். ஆண்டுக்கு 35,700 போட்டால் 18 சதவீதத் தட்டில் 6,426 வெள்ளி மிச்சம், பத்தாண்டில் 64,260. ஊர் திரும்பிய பின் 24 சதவீதத்தில் எடுத்தாலும், போட்ட தொகைக்கு 42,840 வெள்ளிதான் வரி.

நிரந்தரவாசியாகி இங்கே வீடு வாங்கி இருப்பவர், ரூபாய் வட்டியைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. அவருடைய செலவு வெள்ளியில்.

## திரும்பும் ஆண்டின் வரிசை

முடிவு எதுவாக இருந்தாலும், திரும்பும் ஆண்டில் வேலைகளின் வரிசை தவறினால் நட்டம். எஸ்.ஆர்.எஸ். எடுப்பதாக இருந்தால் இங்கே வரிக்குடியாக இருக்கும்போதே எடுங்கள். எஃப்.சி.என்.ஆர். போடுவதானால் புறப்படுமுன் போடுங்கள். இடைநிலைக் காலத்துக்குள் முதிர்வது போல் தவணையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஊர் சேர்ந்ததும் என்.ஆர்.இ. வங்கிக்குத் தெரிவியுங்கள். இடைநிலை முடிந்து முழு வரிக்குடியான பின் சிங்கப்பூரில் விட்டுவந்த கணக்கு, பத்திரம் எல்லாவற்றையும் இந்திய வரிக் கணக்கில் காட்ட வேண்டும். வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாமல் விட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கலாம்.

இங்குள்ள வேலையிடமும் உங்களுக்கு வரித் தீர்வையை, அதாவது புறப்படுமுன் உங்கள் வரிப் பாக்கியைக் கணக்கிட்டுத் தீர்ப்பதை, முடிக்க வேண்டும். நீங்கள் விலகுவதற்கு ஒரு மாதம் முன்னதாக ஐ.ஆர். 21 படிவத்தை அனுப்பி, அன்றிலிருந்து உங்களுக்குத் தர வேண்டிய கடைசிச் சம்பளம், போனஸ், எடுக்காத விடுப்புக்கான தொகை எல்லாவற்றையும் அவர்கள் நிறுத்திவைப்பார்கள். வீட்டைக் காலி செய்து, சாமான்களைச் சென்னைக்கு ஏற்றிவிட்டு, பயணச் சீட்டும் வாங்கிய பின் கையில் பணமில்லாமல் தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதத்துக்கான பணத்துக்குச் சேமிப்புப் பத்திரத்தை நம்பியிருந்தால், பயணத்துக்கு முந்தைய மாதமே திரும்பப் பெறும் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பணம் அடுத்த மாதத்தின் இரண்டாம் வேலை நாளில்தான் வங்கிக்கு வரும். அது வந்து சேரும் வரையிலும், வரித் தீர்வை முடிந்து நிறுத்திவைத்த சம்பளம் கிடைக்கும் வரையிலும், இங்குள்ள வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.